கடைசியாக வருபவருக்கே கடைசிப் பேச்சு

சீமெந்து கிடைக்காத காலத்தில் சுண்ணாம்பைக் குழைத்து எங்கள் வாசிகசாலையை எழுப்பியவன் நான். இடிந்து கிடந்த கிணற்றுக்கட்டை நிமிர்த்தினேன். பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை போட்டேன். அது ஒரு காற்றுக்கும் நில்லாது என்று சொன்ன எஞ்சினியர் மழைக்கு அதற்குள்தான் ஒதுங்கினார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கடைசியாகக் கட்டியது, வாசிகசாலை முன்றலில் நிற்கும் நாடக மேடை.

அந்த மேடை திறந்த அன்றுதான் வில்லங்கம் வந்தது. பிரதேச சபைத் தேர்தல் நேரம். எங்கள் வட்டாரத்தில் போட்டியிட்ட இருவரில் ஒருவரையும் பகைக்க மனமில்லாத வாசிகசாலைச் செயலாளர், இருவரையுமே பிரதம விருந்தினராக அழைத்துவிட்டார். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், மற்றவர் இரும்புக்கடை முதலாளி. எங்கள் ஊரில் கடைசியாகப் பேசுபவர்தான் பெரியவர். ஆகவே இருவரும் மரியாதையாலேயே சண்டை பிடித்தார்கள்.

"முதலாளி, நீங்கள் முதல் கதையுங்கோ."

"ஐயோ சேர், உங்களுக்கு முன்னாலை நான் கதைக்கிறதோ?"

அரை மணித்தியாலம் போயிற்று. மேடைக்குப் பின்னால் அரசன் வேடக்காரரின் மீசை வியர்வையில் கழன்றது. பெண்கள் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். என் மேடையின் முதல் நாடகம் ஆளில்லாமல் நடக்கப்போகிறதே!

அன்று காலை வாசிகசாலை விளையாட்டுப் போட்டியில் மெதுவான சைக்கிள் ஓட்டம் நடந்திருந்தது. கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குப் பரிசு. முன்றல் ஓரத்தில் அதற்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியவில்லை. நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"ரெண்டு பேருக்கும் கடைசியா வரத்தானே விருப்பம்? சைக்கிளிலை வாங்கோ. பிந்தி வாறவர் பிந்திக் கதைக்கட்டும்!"

"அண்ணை, உதென்ன விசர்க்கதை?" என்று செயலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆனால் சனம் கைதட்டிவிட்டது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் மறுப்பார்களா? அதிபர் வேட்டியை மடித்துக் கட்டினார். சைக்கிள்கள் ஓடுகின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியவில்லை.

"சேர், காலை ஊண்டாதேங்கோ!"

"முதலாளி என்ன, நித்திரையோ?"

பாதி வழியிலும் அவர்கள் மரியாதையை விடவில்லை.

"நீங்கள் முந்துங்கோ."

"இல்லைச் சேர், நீங்கள்."

சொல்லித் திரும்பிப் பார்த்ததுதான். சில்லும் சில்லும் முட்டி, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தபடி புழுதியில் விழுந்தார்கள். பாய் சுருட்டியவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பாயைத் திரும்ப விரித்தார்கள். புழுதியைத் தட்டிக்கொண்டு எழும்பிய இருவரும் ஒரே குரலில், "நாடகத்தைத் தொடங்குங்கோ" என்றார்கள். பேச்சு அவ்வளவுதான். நாடகம் நிறைந்த சபையில் நடந்தது.

இப்போது வாசிகசாலை விழாவில் வருடாவருடம் விருந்தினர்கள் ஓடும் அந்த ஓட்டத்தைப் பார்க்கவே அயலூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் இந்த வருட விழா மலரில் 'செயலாளரின் சிந்தனையில் உதித்த போட்டி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, உங்களை நன்றியுரையிலை சொன்னனாங்கள்தானே?" என்றார் செயலாளர்.

நன்றியுரை நேரம் சனம் செருப்புத் தேடிக்கொண்டு நின்றது. மலரை அச்சிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அடுத்த மலரில், மேடையைக் கட்டியவனும் ஓட்டத்தை யோசித்தவனும் நான்தான் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். படத்தோடு போடுங்கள். படம் நான் தருகிறேன்.