சொல் தெரியாத பாட்டு

மெல்போர்னுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றின் கண்ணாடியில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேவை. ப்ளூஸ் தெரிந்திருந்தால் நல்லது. நேரத்துக்கு வருபவராக இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பின அமெரிக்கர்களின் துக்கப்பாட்டான ப்ளூஸ் எனக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பேஸ் வாசித்தவன் நான். நேரத்துக்குப் போகும் பழக்கம் ஐ.டி. வேலைக்கு வந்தபிறகு ஒட்டிக்கொண்டது. அதை நம்பித்தான் போன் செய்தேன்.

கோபர்க்கில் ஒரு பழைய வீடு. கதவைத் திறந்தவர் அறுபதை நெருங்கிய இத்தாலியப் பெண்மணி. குட்டையான உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத கனத்த குரல். இத்தாலிக்காரர் வீட்டில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் உறைபெட்டியிலிருந்து கடைப் பீட்சாவை எடுத்துச் சூடாக்கி வைத்துவிட்டு, "எனக்குச் சமைக்கத் தெரியாது. வாசி, கேட்போம்" என்றார்.

நான் வாசித்ததைக் கொஞ்சநேரம் கேட்டார். "நீ எல்லா இடத்தையும் அடைக்கிறாய். நான் எங்கே மூச்சு விடுவது?" என்றார். பிறகு, "புதன்கிழமை வா."

டிரம்ஸ் வாசித்தவர் வவுனியாக்காரர். படகில் வந்து, முடிவு தெரியும்வரை தங்க மட்டும் விடும் பிரிட்ஜிங் விசாவில் இருந்தார். பகலில் தரைவிரிப்புகளைக் கழுவும் வேலை. அந்த வேனில்தான் எங்கள் சாமான்கள் போகும். அவருக்கு ஊரில் ஒரு மகள். விட்டு வந்தபோது கைக்குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பாடகியின் கதை எனக்குத் துண்டுதுண்டாகக் கிடைத்தது. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அவர் அப்பா மூட்டை இறக்கினார். பக்கத்து மதுக்கடைக்கு வரும் அமெரிக்க மாலுமிகள் விட்டுப்போன இசைத்தட்டுகளில்தான் சிறுமி ப்ளூஸ் கேட்டாள். அர்த்தம் தெரியாமலே அத்தனை பாட்டையும் மனப்பாடம் செய்தாள். "நம் ஊரில் இல்லாத துக்கமா, இன்னொருவன் துக்கத்தைக் கடன் வாங்கிப் பாடுகிறாய்?" என்று அப்பா கேட்டாராம். இருபத்தைந்து வயதில், ஆஸ்திரேலியாவின் இத்தாலியச் சங்கங்களில் பாட வந்த குழுவோடு மெல்போர்ன் வந்தார். குழு திரும்பியது, இவர் தங்கிவிட்டார். சனிக்கிழமைகளில் இத்தாலியக் கல்யாணங்களில் ஊர்ப்பாட்டு. மற்ற நாட்களில் பப்புகளில் ப்ளூஸ். ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது, வானொலியில் ஓடியது. அமெரிக்கப் பயணம் ஒன்று கைக்கெட்டி நழுவியது. அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "என் மகள் வருகிறாள்" என்றார். மகள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மூன்று வயதுக் குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பியவர் அவர். குழந்தை பெரியம்மாவை அம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தது. இடையில் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் விருந்தாளியாக.

திரும்பும்போது டிரம்ஸ்காரர் வேனை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நிரந்தர விசா இல்லை, போக ஏலாது. போனால் திரும்பி வரவும் ஏலாது. அவவிட்ட பாஸ்போர்ட் இருந்தது தானே அண்ணை? ஏன் போகேல்லை?"

"பாட்டுதான் காரணமா இருக்கும்" என்றேன்.

"ஓம், பாட்டு" என்றார். வண்டியை எடுத்தார்.

மகள் வந்தார். நாற்பதைத் தொடும் வயது. ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஆங்கிலம் நிதானமாகத்தான் வரும். பிரன்ஸ்விக் பப் ஒன்றில் ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி. மகளை முன்மேசையில் உட்கார வைத்துவிட்டு, பாடகி அன்று பாட்டு வரிசையை மூன்று தடவை மாற்றினார். நான் அவரோடு வாசித்த நாட்களில் அவ்வளவு நன்றாக அவர் பாடியதில்லை. பக்கத்து மேசையில் ஒரு முதியவர் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். மகள் நேராக உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் அளவாகக் கை தட்டினார்.

முடிந்ததும் தாயும் மகளும் பின்கட்டில் நின்று பேசினார்கள். சத்தமில்லை. மகள் போனபிறகு பாடகி என்னிடம் வந்தார்.

"என்ன சொன்னாள் தெரியுமா? 'யாரென்றே தெரியாத மனிதனை உன்னால் அழவைக்க முடிகிறது. எனக்குக் காய்ச்சல் என்று பெரியம்மா கூப்பிட்டபோது, நிகழ்ச்சி இருக்கிறது என்று போனை வைத்தாய்.' அந்தக் கிழவனைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாம்."

 ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வேனில் வைத்தேன்.

மகள் மிச்ச நாட்களையும் மரியாதையாகத் தங்கிவிட்டு ஊர் திரும்பினார். அதற்குப் பிறகுதான் பாடகி அந்தப் பாட்டைக் கட்டினார். ப்ளூஸின் அதே மூன்று கார்டு ஸ்வரக்கூட்டுகள். சொற்கள் மட்டும் நேப்பிள்ஸ் பேச்சு. தன் மொழியில் அவர் ப்ளூஸ் பாடியது அதுதான் முதல் தடவை.

"அர்த்தம் என்ன?" என்று கேட்டேன்.

"அவள் முதலில் கேட்கட்டும். பிறகு உனக்குச் சொல்கிறேன்." டிரம்ஸ்காரர் போனை எடுத்தபோது அதையும் தடுத்தார். "பதிவு வேண்டாம். போனில் அனுப்புகிற பாட்டு இல்லை இது. அவள் எதிரில் நின்று பாட வேண்டும்."

அடுத்த கோடைக்கு நேப்பிள்ஸ் போவதாக இருந்தார். இடுப்பு அறுவைச் சிகிச்சை வந்தது, தள்ளிப் போனது. பிறகு மூச்சிரைப்பு. அதற்குள் எனக்குச் சிட்னிக்கு வேலை மாறி, மனைவியோடு கிரவீனுக்குக் குடிபோனோம். போனில் எப்போதாவது பேசுவோம். "பயணச்சீட்டு போட்டீங்களா?" என்று கேட்பேன். "குரல் கொஞ்சம் தேறட்டும், இந்தக் குரலோடு அவள் முன்னால் நிற்க மாட்டேன்" என்பார்.

போன வருடம் ஒரு காலையில் டிரம்ஸ்காரர் கூப்பிட்டார். "அண்ணை, அவ போயிட்டா."

அடக்கத்துக்கு நான் மெல்போர்ன் போனேன், மகளும் வந்திருந்தார். எல்லோரும் போனபிறகு கோபர்க் வீட்டில் நானும் டிரம்ஸ்காரரும் மகளும் மட்டும். பெட்டியில் தாயின் உடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார். "அம்மா எனக்காக ஒரு பாட்டு எழுதியதாகப் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றோம். வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

மூலையில் கிடந்த குழுவின் பழைய பேஸை எடுத்துச் சுருதி சேர்த்தேன். டிரம்ஸ்காரர் நாற்காலியின் முதுகில் விரலால் தட்டினார். பாட்டு முழுக்க வாசித்தோம். பேஸும் தாளமும் மட்டும் ஒரு பாட்டாகிவிடாது. பாடகி மூச்சு விட நான் விட்டுப் பழகிய இடைவெளிகள் வந்தபோதெல்லாம் மகள் தலையை உயர்த்தினார், ஏதோ வரப்போகிறது என்பதுபோல.

"சொற்கள்?"

"தெரியாதே. ஒவ்வொரு அடியும் முடியும்போது 'லஸ்ஸா' என்று ஒன்று வரும். அதுமட்டும் காதில் இருக்கிறது" என்றேன்.

மகள் என் அருகில் வந்து உட்கார்ந்தார். அந்தச் சொல்லைத் தானே மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அதற்கு முன்னால் சின்னதாக ஒரு சொல் இருந்ததா? 'நுன்' என்று?"

நான் டிரம்ஸ்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "இருந்திருக்கும் போல... வடிவா ஞாபகம் இல்லை அண்ணை."

"ஏன் கேக்கறீங்க?" என்றேன், ஆங்கிலத்தில்.

"இருந்தால், என்னை விட்டுவிடாதே என்று அர்த்தம். இல்லையென்றால், என்னை விட்டுவிடு என்று."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். அந்த இடம் வரும்போது மூவரும் உற்றுக் கேட்டோம். என் கிட்டாரின் கட்டைச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் மகள் விமானம் ஏறினார். இப்போதும் கிரவீனிலிருந்து வேலைக்குக் கார் ஓட்டும்போது, அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டுமே அந்தத் தாளத்தில் சரியாக உட்காருகின்றன.