வரிசையில் நகராமல் நின்ற லாரி

"அக்கா, உங்க லாரி நின்னுபோச்சு. பின்னாடி அத்தினி வண்டியும் மாட்டிக்கினு கீது. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

போனில் பேசியவர் செல்வம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில், சரக்கு இறக்கும் வரிசையில், எங்கள் லாரிக்குப் பின்னால் தன் லாரியோடு நின்றிருந்தவர். "செல்ஃப் எடுக்கலையா?" என்று கேட்டேன். "வாங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்து, வடக்குப்பட்டில் இருக்கும் எங்கள் பட்டறையிலிருந்து ஜம்பர் வயரை எடுத்து ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புது பேட்டரி வாங்கலாம் என்று நான் சொன்னபோது, "இன்னும் ஒரு மழ தாங்கும், வுடு" என்று தள்ளிப்போட்டவர் லாரியை ஓட்டும் எஸ்தர் அக்கா. வழியெல்லாம் மனத்துக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

லாரிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வரிசை நகர்ந்திருக்கிறது, எங்கள் லாரி மட்டும் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் எங்கள் லாரியை அறியாதவர் கிடையாது. மறுபடியும் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, கட்டி இழுத்து ஓரம் கட்ட இரண்டு பேர் கயிறோடு வந்துவிட்டார்கள். கதவைத் திறந்து பார்த்தால், எஸ்தர் அக்கா ஸ்டியரிங்கின் மேல் கைகளை மடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். நான் போனபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் ஜம்பர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். யாரோ அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு எஸ்தர் அக்காவைத் தெரியும். குன்றத்தூரில் அவரோடு தேவாலயத்துக்குப் போனவர்கள் இருப்பீர்கள். தொழிற்சாலை வாசல்களில் அவருக்கு வழிவிட்டவர்களும், வழிவிடாமல் அவரிடம் திட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள். எனக்கு அவர் எங்கள் பட்டறையின் டிரைவர். சரக்கு அடுக்கும் மரச்சட்டங்களை, நாம் பேலட் என்கிறோமே, அவற்றை உடைந்த நிலையில் வாங்கிவந்து சரிசெய்து திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழில். அந்த ஒரே லாரியில்தான் எல்லாம் போய்வந்தது. 'அவர் இறந்துவிட்டார்' என்ற வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ எழுதியதுபோல இருக்கிறது.

முதலில் எங்கள் லாரியை ஓட்டியவர் அவர் கணவர் டேனியல் அண்ணன். சர்க்கரை நோயில் அவருடைய ஒரு பாதத்தை எடுக்க வேண்டிவந்தபோது, வேறு டிரைவர் தேடிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி. அப்போதுதான் எஸ்தர் அக்கா பட்டறைக்கு வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். கனரக லைசென்ஸுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்.

"இந்த வண்டி கஷ்டம்கா. அண்ணனுக்கே தண்ணி காட்டும்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? இத்தினி வருசமா வூட்டுக்கு வந்து அவரு இன்னாத்த பேசுவாருன்ற? இந்தப் பக்கம் இழுக்குது, அந்தப் பக்கம் ஒழுவுதுன்னு இந்த வண்டியத்தான் திட்டுவாரு. அத்தையெல்லாம் கேட்டுக்கினுதான் நான் சோறு போட்டேன்."

அப்படித்தான் அவர் எங்கள் டிரைவரானார். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, டேனியல் அண்ணன் பக்கத்து இருக்கையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்துவர, அவர் பழகினார். சில வாரங்களில் அண்ணனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். "பக்கத்துல ஒக்காந்துக்கினு இல்லாத பிரேக்க மிதிக்கிறாரு. பாவமா கீது, அதான் வுட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

அந்த லாரியோடு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடது கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு ஒரு கயிறு. கண்ணாடி கீழே விழுந்துவிடும், அதற்கு மர ஆப்பு. டீசல் டேங்கில் ஒழுகினால் துணி துவைக்கும் சோப்பைப் பிசைந்து அடைப்பார். பழைய டியூபை நாடாவாக வெட்டி எப்போதும் ஒரு சுருள் வைத்திருப்பார். தண்ணீர்க் குழாய் வெடித்தால் அதுதான் கட்டு. ஒருமுறை ஒரகடம் கூட்டுச்சாலைக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் ஒழுகி, இன்ஜின் கொதித்து நின்றுவிட்டோம். நேராக எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் போய் மஞ்சள்தூள் கேட்டார்.

கடைக்காரர், "இன்னாமா, ரோட்டுல நின்னுக்கினு கொழம்பா வெக்கப்போற?" என்றார்.

"ஆமாண்ணே. இன்ஜினுக்குப் பசிக்குதாம்."

சூடு ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்து, மஞ்சள்தூளையும் தண்ணீரையும் ஊற்றினார். சின்ன விரிசலில் தூள் போய் அடைத்துக்கொண்டது. பட்டறை வந்து சேர்ந்தோம். கடைக்காரருக்கு அடுத்த நாள் ஒரு முழு பாக்கெட் மஞ்சள்தூள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். லாரிக்கு ஒரு பெயர் வைக்கலாமே என்று அன்று நான் கேட்டேன். "வேணாம். பேரு வெச்சிட்டா அப்பறம் ஒடைக்கப் போடறப்போ அழணும்" என்றார்.

எல்லாவற்றுக்கும் ஒட்டுப் போட்ட அவர் பிரேக்குக்கு மட்டும் ஒட்டுப் போட்டதில்லை. ஒரு நாள் காலை, நிறைந்த பாரத்தோடு ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிரேக்குக்கான காற்றழுத்தம் மீட்டரில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். சாலை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, நான்கு பக்கமும் கல் வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பேலட் வராவிட்டால் உற்பத்தி லைன் நின்றுவிடும் என்று கம்பெனியின் சூப்பர்வைசரே பைக்கில் வந்துவிட்டார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானேம்மா. மெதுவா வந்தா இன்னா?"

"நான் மெதுவாத்தான் சார் வருவேன். முன்னாடி சைக்கிள்ல போற ஆளுக்கு அது எப்டித் தெரியும்?"

"இத்தினி நாளா ஒட்டு போட்டுத்தானே ஓட்டறீங்க?"

"ஒட்டு போட்டு ஓட்டலாம் சார். ஒட்டு போட்டு நிறுத்த முடியாது."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். மெக்கானிக் வந்து பிரித்தபோது, பின்சக்கரத்துப் பிரேக்கின் உள்ளே இருந்த ரப்பர் கிழிந்து, ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் வேலை அதன்பிறகு எங்களுக்கு வரவே இல்லை. அவர் அதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை. லாரி மெக்கானிக்கிடம் இருந்த நாட்களில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஒவ்வொரு கேட்டாகப் போய் வேலை கேட்டு, இரண்டு புது இடங்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெருமழைக்காலம். ஏரி நிரம்பி, மணிமங்கலத்துக்குப் போகும் வழியில் ஒரு தாழ்வான பகுதியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வாடகை வீட்டு விடுதியில், தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் அக்காவின் மகள் ரூத்தோடு ஒரே ஷிப்டில் இருப்பவர்கள். ரூத் போன் செய்து சொன்னதும், பேலட்டுகளை இறக்கிவிட்டு லாரியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தோம். பெண்கள் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். ஒரு பெண் நிறைமாதம்; தங்கையைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். அவளைக் கேபினில் என் பக்கத்தில் உட்காரவைத்தோம். திரும்பும் வழியில், சக்கரம் பாதி மூழ்கும் தண்ணீரில், இன்ஜின் இருமி நின்றது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறிய பம்ப் வேலை செய்யவில்லை.

"எக்கா, இனி போவாதா?" என்று அந்தத் திருநெல்வேலிப் பெண் கேட்டாள். தண்ணீர் மெதுவாக ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"போவும் கண்ணு. நீ காலத் தூக்கிக்கினு ஒக்காரு."

பழைய மாடல் லாரியில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, கேபினுக்குள் ஒரு மூடியின் கீழ் இருக்கும். எஸ்தர் அக்கா மூடியைத் தூக்கினார். இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த டீசல் கேனை என்னிடம் கொடுத்தார். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் கேனில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். டீசல் வாயில் நிறைந்ததும் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, பம்பை விட்டுவிட்டு குழாயை நேராக இன்ஜினுக்குச் சொருகிக் கட்டினார்.

"பரிமளா, கேன ஒன் தலைக்கு மேல தூக்கிப் புடி. எறக்குன, வண்டி நின்னுடும்."

மேலே இருந்து டீசல் தானாக இறங்க, இன்ஜின் பிடித்துக்கொண்டது. என் கை மரத்துப்போனது. டீசல் என் ஜாக்கெட்டிலும் அந்தப் பெண்ணின் மடியிலும் சொட்டியது. ஒரு கட்டத்தில் அவளும் எழுந்து ஒரு கையால் கேனைத் தாங்கினாள். மேடேறி படப்பைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் இறக்கிய பிறகுதான் எஸ்தர் அக்கா வாந்தி எடுத்தார். அதுவரை வாயில் டீசல் நெடியோடுதான் ஓட்டியிருக்கிறார். "பேஜாராப் போச்சு, ரெண்டு நாளிக்கி சாப்பாடு ருசிக்காது" என்று சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் மகன் பிறந்தான். அடக்கத்துக்கு அந்தப் பையன் வந்திருந்தான், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

இவ்வளவு எழுதியும் அவர் இறந்தது எனக்கு விளங்கவில்லை. குன்றத்தூர் வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தபோது, டேனியல் அண்ணன் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"வண்டி நல்லாத்தானேம்மா இருந்துது?"

"நல்லாத்தான்ணே இருந்துது."

"தோள் வலிக்குதுன்னா. ஸ்டேரிங் டைட்டா கீது, கிரீஸ் அடிக்கணும்னா. நானும் ஸ்டேரிங்குன்னுதான் நெனச்சேன். பரிமளா, அவளே கிரீஸ் அடிச்சிட்டு வந்தா. அப்பவும் வலிக்குதுன்னா."

பக்கத்தில் ரூத் ஷிப்ட் உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் விரல்களில் நகத்தின் ஓரமாக இருந்த கிரீஸைத் தன் துப்பட்டாவின் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது போகவில்லை.

அடக்கம் முடிந்து லாரியை எடுத்துவரப் போனோம். தொழிற்சாலை வாசலில் ஓரமாகத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். செல்வம் தானே ஓட்டி வருவதாகச் சொன்னார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் எடுத்துக்கொண்டது. அவர் உடனே அணைத்துவிட்டார். "நான்தான்கா மொதல்ல ஹாரன் அடிச்சேன்" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஹாரன்தான் அடித்திருப்பேன்.

பிறகு அவர் கிளட்சை மிதிக்கப் பார்த்தார். முடியவில்லை. செல்வம் உயரமானவர், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. குனிந்து பார்த்தவர், "இன்னாக்கா இது, கட்ட கட்டி வெச்சிருக்காங்க?" என்றார். கிளட்ச் பெடலின் மேல் ஒரு மரத்துண்டு, டியூப் நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. எங்கள் பட்டறையில் கழித்துப்போட்ட பேலட்டிலிருந்து அறுத்தது. எஸ்தர் அக்கா குள்ளம். கால் எட்டாமல் இருந்திருக்கிறது. என்னிடம் சொன்னதே இல்லை. அந்த லாரிக்கு அவர் போட்ட ஒட்டு ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தனக்காக அவர் போட்டுக்கொண்ட ஒன்றை நான் பார்த்திருக்கவில்லை.

செல்வம் நாடாவை அறுத்துக் கட்டையை என்னிடம் கொடுத்தார். அதன் மேல்பக்கம் அக்காவின் இடது காலின் முன்பாதம் பட்டுத் தேய்ந்து குழிந்திருக்கிறது. என் விரல்கள் அந்தக் குழியில் சரியாகப் பதிகின்றன. எஸ்தர் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அதை நான் மற்ற மரத்துண்டுகளோடு பட்டறையில் வைக்கவில்லை. வீட்டில் வைத்திருக்கிறேன்.