ஏழாம் கேள்விக்கு ஒரு சொல்

காலை பத்து நாற்பதுக்கு அழைப்பு வந்தது. மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். என் மனைவி வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியின் போர்மேன். நம் தமிழ் ஆள்தான். எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"சார், மேல மெஷின் ரூம்ல ஒக்காந்த மாதிரியே போயிட்டாங்க. டாக்டர் வந்து பாத்துட்டாரு. ஹார்ட்டுன்னு சொல்றாரு." அடுத்ததை இன்னும் மெதுவாகச் சொன்னார். "மெயின ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, 'ஆன் பண்ணாதீங்க' போர்ட மாட்டிட்டுதான் சார் ஒக்காந்திருக்காங்க. வலிக்க ஆரம்பிச்சிருக்கணும். அப்பவும் அத செஞ்சுட்டுதான்..."

அவள் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வயதில், தனியாக, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை அனுமதியோடு இந்த ஊருக்கு வந்தவள். நான் நாலு வயதில் அப்பாவின் இடுப்பில் வந்து இந்த நாட்டுக் குடிமகன் ஆனவன். கடை இருக்கும் கட்டடத்து லிஃப்ட்டில் நான் மாட்டிக்கொண்ட நாளிலிருந்துதான் அவளைத் தெரியும். உள்ளே நின்று தமிழில் யாரையோ திட்டியது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"உள்ள யாருங்க? பயப்படாதீங்க, கீழ விழாது."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"அப்ப எதுக்கு அந்த பட்டன அந்தக் குத்து குத்தறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?"

அடுத்த வருடம் கல்யாணம் ஆனது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. அவள் இங்கே நிரந்தரமாகத் தங்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, குடிமகனின் மனைவி என்ற வழி. என் கையெழுத்து, கல்யாண போட்டோ, ஒரு நேர்காணல், அவ்வளவுதான். ஆனால் விண்ணப்பம் போட்ட அன்றே வேலை அனுமதி ரத்தாகிவிடும். முடிவு வரும்வரை எட்டு மாதமோ பத்து மாதமோ வீட்டில் இருக்கவேண்டும். இன்னொன்று வேலை வழி. ஒரே தொழிலில் இடைவெளி இல்லாமல் நாலு வருடம். அவளுக்கு மூன்று வருடம் இரண்டு மாதம் முடிந்திருந்தது. நடுவில் வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேடவேண்டும். கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். பிறகு மனைவி என்று சொல்லி உள்ளே வரவே இரண்டு வருடம் ஆகிவிடும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானே போய் மனைவி வழிப் படிவத்தை வாங்கிவந்தேன். இருபது மொழிகளில் கொடுத்தார்கள், தமிழிலும். அவள் அடுப்படி மேஜையில் வைத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவள், ஏழாம் கேள்வியில் நின்றாள்.

"ஏங்க, இங்க வாங்க. 'நீங்கள் தொங்குபவர் எனில், தாங்குபவரின் பெயரை எழுதுக.'"

யாரையாவது சார்ந்து வாழ்கிறவர் என்பதை எந்த மெஷின் அப்படி மொழிபெயர்த்ததோ. அவள் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது.

"தொங்கறது லிஃப்ட்டோட வேலைங்க. நான் கயித்த செக் பண்றவ. என்னையே தொங்கச் சொல்றாங்க."

என் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "முப்பது வருஷமா உங்க மாமா பேருலதான் இருந்தேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? பேசாம கையெழுத்துப் போடு பொண்ணே."

"நீங்க எங்க அத்தே தொங்குனீங்க? இந்த வீடே உங்க மேலதான் தொங்கிட்டிருக்கு."

அம்மா பாத்திரத்தை நகர்த்தினாள். எனக்குச் சுருக்கென்றது. என் கையெழுத்து இவளுக்கு வேண்டாமா? அன்று சாயங்காலம் கேட்டே விட்டேன்.

"உங்க கையெழுத்து கல்யாணத்துக்கு வேணும்னு வாங்கிட்டேன்ல?" என்றாள். "அந்த நேர்காணல்ல யாரு எந்தப் பக்கம் படுக்கறீங்கன்னு கேப்பானாம். உங்க மேல எனக்கு இருக்கறத நான் ஏன் ஒரு ஆபீசர்கிட்ட நிரூபிக்கணும்? என் வேலைய வந்து பாக்கட்டும். லிஃப்ட் ஏறுதா, எறங்குதா, சொன்ன மாடியில நிக்குதா, பாத்துட்டுப் போகட்டும். இன்னும் பத்து மாசம்தாங்க."

ஆறாவது மாதத்தில் அவள் கம்பெனிக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. எட்டுப் பேரை அனுப்பினார்கள். அவளும் ஒருத்தி.

அறுபது நாள். தினமும் காலையில் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கருவிப் பையோடு கிளம்புவாள். பெண் என்று ஒரு இடத்தில் சிரித்தார்கள். அனுமதி முடியப்போகிறது என்று இன்னொரு இடத்தில் கையை விரித்தார்கள். நாற்பதாவது நாள் அந்தப் படிவத்தில் என் பங்கை நிரப்பி, மேஜைமேல் வைத்தேன். அவள் கோபப்படவில்லை. கவனமாகப் படித்தாள்.

"அம்பத்தெட்டாவது நாள் வரைக்கும் விடுங்க. அன்னிக்கும் ஒண்ணும் ஆகலன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தொங்கறேன்."

ஐம்பத்து மூன்றாவது நாள்தான் இந்தப் போர்மேனிடம் போனாள். எட்டு மாடிக் குடியிருப்பில் ஒரு லிஃப்ட், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு மாதமாக நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் பார்த்து, கன்ட்ரோல் போர்டையே மாற்றியும் சரியாகவில்லை. "இத சரி பண்ணுங்க, நாளைக்கே வேலை," என்றார் போர்மேன், விளையாட்டாக.

அவள் பையைத் திறக்கவே இல்லை. உள்ளே ஏறி, மேலும் கீழும் பதினோரு தடவை போனாள். பிறகு நாலாம் மாடியில் இறங்கி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"போன மாசம் பெருசா ஏதாவது வாங்குனீங்களா?"

"பீரோ வாங்குனோம். ஏம்மா?"

"லிஃப்ட் கதவுல இடிச்சீங்களா?"

அந்த அம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே பதில் கிடைத்துவிட்டதாம். கதவு பூட்டியிருப்பதை லிஃப்ட்டுக்குச் சொல்லும் தொடர்பு ஒரு மயிரிழை விலகியிருந்தது. லிஃப்ட் கடக்கும்போது கதவு அதிரும், தொடர்பு விடும், லிஃப்ட் நின்றுவிடும். ஒரு ஸ்க்ரூவைத் திருகினாள். போர்மேன் தானே ஏறி எட்டாம் மாடிவரை போய்வந்தார். "தங்கச்சி, பேப்பர கொண்டா," என்றார்.

மீதி நாலு மாதத்தை அங்கே முடித்தாள். நிரந்தரமாகத் தங்கும் அட்டை தபாலில் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். பிரித்தது அம்மா. பெயர், படம், அதன் கீழே 'தொழில் வழி'. அதை முந்தானையில் துடைத்துவிட்டு, கீழ் வீடு, எதிர் வீடு, என் கடை என்று எடுத்துக்கொண்டு போனாள். "எம் மருமக வாங்குனது. யாரும் வாங்கிக் குடுக்கல," என்று என் எதிரிலேயே, என் வாடிக்கையாளர்களிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றியது. நான் நிரப்பிய படிவத்தை என் மனைவி கிழிக்கவிடவில்லை. "நீங்க தாங்க ரெடியா இருந்தீங்கங்கறதுக்கு அத்தாட்சி," என்று கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

பதினாறு வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தாள். அவள் பார்த்த கட்டடங்களில் 'லிஃப்டம்மா' என்றால் தெரியும். அவளை எடுத்துப்போன அன்று, அந்த எட்டு மாடிக் குடியிருப்பிலிருந்து பீரோ வீட்டு அம்மாள் வந்திருந்தார். போர்மேன் அவளுடைய பூட்டையும் போர்டையும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, அட்டை இருந்த அலமாரியிலேயே வைத்தாள்.

அந்த ஏழாம் கேள்வியைத் திருத்தச் சொல்லி அவள் குடியேற்ற அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தாள். இரண்டுக்கும் 'தங்கள் ஆலோசனை கிடைத்தது' என்று பதில் வந்தது. வேறு சொல்லையும் நாமே கொடுத்தால்தான் மாற்றுவார்கள் என்று மூன்றாவதைப் போன மாதம் ஆரம்பித்தாள். 'கூட இருப்பவர்' என்று நான் சொன்னேன். அது வாடகைக்கு அறை எடுத்தவர் மாதிரி இருக்கிறது என்றாள். 'வீட்டாள்' என்று அம்மா சொன்னதை இரண்டு நாள் யோசித்தாள்.

கடிதம் கருவிப் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் இருந்தது. உறைமேல் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டியிருக்கிறாள். 'தொங்குபவர் என்ற சொல்லுக்குப் பதிலாக' என்பதற்கும் 'என்று மாற்றவும்' என்பதற்கும் நடுவில் ஒரு சொல்லுக்கான இடம் விட்டிருக்கிறாள். அதில் ஒன்றும் எழுதவில்லை.