தாலிக்கு முன்னால் நின்ற கேசட்

வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்க எந்த மென்பொருளைப் போடலாம் என்று மகன் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல வரிசையா அடுக்கி வச்சிட்டா, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடும்மா" என்றான். எனக்கு அப்பாவின் விரல் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில், பாளையங்கோட்டை வீட்டில், வீடியோ டெக்கின் நிறுத்தும் பொத்தான் மேலேயே அந்த விரல் இருக்கும். ஓடுவது அக்காவின் கல்யாணக் கேசட். சேரன்மகாதேவியில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆவதற்குள், ஸ்டவ் வெடித்து இறந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் நம்பவில்லை. வழக்குப் போட்டோம்.

தினமும் சாயங்காலம் அம்மா கேசட்டைப் போடச் சொல்வாள். திரையில் அக்கா பட்டுச்சேலையோடு குனிந்து என் ஜடையைச் சரிசெய்வாள். ஐயர் தாலியை எடுத்ததும் அம்மா, "போதும், அங்கனயே நிப்பாட்டுங்க" என்பாள். அப்பா நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டுவார்.

சாட்சி இல்லையென்று வழக்கு தள்ளுபடியான அன்றும் கேசட் ஓடியது. தாலி வந்ததும் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும். அந்தப் பாவி மொகத்த நான் நல்லாப் பாக்கணும்."

அவன் முடிச்சுப் போட்டான். பந்தி நடந்தது. கடைசியில் அக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல் அழுதாள். திரையில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே அவள் விரல்களைப் பிரித்து உள்ளே ஏற்றிவிட்டாள்.

"போமாட்டேன்னுல்லா அழுதிருக்கா" என்றாள் அம்மா. "நான்லா பிடிச்சு ஏத்திவிட்டிருக்கேன்."

அப்பா டெக்கை நிறுத்தினார். அதன்பிறகு அம்மா கேசட்டைப் போடச் சொல்லவேயில்லை.