காமயகவுண்டன்பட்டி சாலையில் கேட்கப்பட்ட ஜெபம்

இயேசுவை நம்பி இதை வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் என் அன்பு. என் பெயர் ரூபி. கம்பத்தில் எங்களுக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. என் உடம்பில் ஒரு நோயும் இருக்கிறது. அது போய்விட்டது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

கொரோனா ஓய்ந்த மறுவருஷம் அது தொடங்கியது. படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருட்டும். சோறு இறங்காது. ஆனால் உப்பு வேண்டும், எந்நேரமும் உப்பு வேண்டும். எலுமிச்சை ஊறுகாயை வெறும் வாயில் தின்பேன். ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. முகம் கறுத்தது. உள்ளங்கை ரேகைகள் கறுத்தன. ஈறுகூடக் கறுத்தது. "என்னக்கா, வெயில்லயே அலையிறீகளா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். செய்வினை என்று சிலர் காதோடு சொன்னார்கள். இரத்தசோகைக்கு மருந்து சாப்பிட்டேன். மனச்சோர்வுக்கும் சாப்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்தே ஓடுகிறவள். கல்யாணமான பிறகும் விடியற்காலையில் ஓடுவதை விடவில்லை. அப்படிப்பட்டவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். "ஆண்டவரே, குணமாக்கும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும்" என்று அந்தப் படியிலேயே அழுதிருக்கிறேன்.

ஒருநாள் கடையில் மயங்கி விழுந்தேன். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா என் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "நாக்கு உப்பைத் தேடுதாம்மா?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

சிறுநீரகத்தின் மேலே தொப்பி வைத்ததுபோல் இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரினல் என்று பெயர். உடம்பில் உப்பைத் தங்கவைத்து, காய்ச்சலோ பயமோ ஓட்டமோ எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற சுரப்பு அங்கிருந்துதான் வருகிறது. எனக்கு அது நின்றுபோயிருந்தது. இனி உயிர் உள்ளவரை மாத்திரை. வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் உடனே ஊசி போட்டாக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

"வீட்டில் இரண்டு பேராவது இந்த ஊசி போடப் பழகிக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டரம்மா. என் கணவர் தாசன் பழகிக்கொண்டார். அடுத்தது அவருடைய அக்கா, கிரேஸ் மதினி. கணவரை இழந்த பிறகு எங்களோடு இருந்து கடையைப் பார்த்துக்கொள்கிறவர். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டார். ஒரு சாத்துக்குடியைக் கையில் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னார்கள். ஊசி உள்ளே போனதும் மதினிக்குத் தலை சுற்றி, நர்ஸ் அவரை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. "என்னால ஆகாதுத்தா. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

மாத்திரை என்னை எழுப்பி நிறுத்தியது. நடந்தேன். பிறகு, டாக்டரம்மாவின் அனுமதியோடு மெதுவாக ஓடினேன். நெடுந்தூரம் ஓடும் நாளில் கூடுதல் மாத்திரை எடுத்துக்கொள்வேன். உப்புத் தண்ணீரும், இடுப்புப் பையில் ஊசி மருந்தும் இருக்கும். தாசன் பைக்கில் பின்னாலேயே வருவார். மதினிக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. "ஆண்டவர் திருப்பிக் குடுத்த உசிர ரோட்டுல ஓடித் தொலைக்கப் போறியா?" என்பார்.

அன்று சனிக்கிழமை. ஏலக்காய் வியாபாரமும் பார்க்கிற தாசன் அந்த வேலையாக முந்தின நாளே குமுளிக்கு மேலே போயிருந்தார். கொஞ்ச தூரம்தானே என்று நான் தனியாகக் கிளம்பினேன். காமயகவுண்டன்பட்டி சாலையில் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் வயிறு புரட்டியது. வாந்தி எடுத்தேன். காலையில் போட்ட மாத்திரையும் வெளியே வந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் தங்கவில்லை. தாசனுக்குப் போன் செய்தேன், கிடைக்கவில்லை. அடுத்த எண்ணைத் தேடும்போது திரை எனக்குக் கலங்கிவிட்டது. ஊசி மருந்துக் குப்பியை வெளியே எடுத்தேன். விரல்கள் மூடியைத் திறக்கவில்லை. குப்பி மடியில் உருண்டது. திராட்சைப் பந்தலின் காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீளமாக ஜெபிக்க எனக்குத் தெம்பு இல்லை. "அப்பா, யாரையாவது அனுப்பும்" என்றேன். அவ்வளவுதான்.

ஒரு ஸ்கூட்டி நிற்கிற சத்தம் கேட்டது.

"ஏ ரூபி! ஆத்தா! கண்ணத் தெற!"

கிரேஸ் மதினி. வெள்ளைச் சேலையில், கையில் வேதாகமப் பையோடு நின்றார்.

"மதினி... ஊசி..." என்றேன்.

"அய்யோ, நானா?" என்றார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. என் பக்கத்தில் மண்டியிட்டார். "ஆண்டவரே, என் கையப் பிடிச்சுக்கிரும். பொடியில தண்ணியக் கலக்கணும். குலுக்கணும். டாக்டரம்மா அப்படித்தான சொன்னாக? ஆமா, குலுக்கணும்." ஜெபமும் செய்முறையும் ஒன்றாகவே அவர் வாயிலிருந்து வந்தன. கண்ணீர் என் கையில் சொட்டியது. ஆனால் அவர் கை நடுங்கவில்லை. என் தொடையில் ஊசியைக் குத்தி, மருந்து முழுவதையும் ஏற்றி, வெளியே எடுத்தார். அதன்பிறகுதான் வாய்விட்டு அழுதார். அவர் போட்ட சத்தத்தில் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தோட்டத்து ஜீப்பில் என்னைத் தூக்கிப்போட்டு கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டிரிப் ஏறி, கண் தெளிந்து, பேச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "மதினி, நீங்க எப்படி அங்கன வந்தீக?"

"சனிக்கிழமை ஜெபத்துலதான் இருந்தேன். நான்தான் பாட்டு ஆரம்பிக்கணும். உக்கார முடியல ரூபி. யாரோ தோளத் தொட்டு எழுப்புற மாதிரி இருந்துச்சு. நீ அந்த ரோட்டுலதான ஓடுவ? எந்திரிச்சு வந்துட்டேன்."

மதினி தரிசனம் கண்டேன், சத்தம் கேட்டேன் என்று பேசுகிறவர் அல்ல. அதற்கு முன்னும் சொன்னதில்லை, அதற்குப் பின்னும் சொன்னதில்லை. படுக்கையில் கிடந்தபடி நான் யோசித்துப் பார்த்தேன். சபையிலிருந்து அந்த இடத்துக்கு ஸ்கூட்டியில் வர நேரமாகும். அப்படியானால் நான் வாய் திறக்கும் முன்பே, வயிறு புரட்டும் முன்பேகூட இருக்கலாம், மதினி புறப்பட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. நான் கேட்கப்போவதை அறிந்தவர், கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டார். அதுவும் யாரை! ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவரை.

அதன்பின் நான் தனியாக ஓடியதில்லை. போன தை மாதம் கம்பத்திலிருந்து கூடலூர் போய்த் திரும்பி ஓடினேன். முன்னே தாசனின் பைக், பின்னே மதினியின் ஸ்கூட்டி. கூடலூரை நெருங்கும்போது மேற்கு மலைமேல் மேகம் இறங்கி, வெயில் அதற்குள் புகுந்து, வயல்வெளி முழுக்கப் பொன்னாக இருந்தது. ஒரு சுரப்பு நின்றுபோன இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுகிறேனே என்று பிரமித்துப் போனேன். உங்களுக்குள்ளே அவர் காலைதோறும் சத்தமில்லாமல் சுரக்கச் செய்வதை எனக்கு மாத்திரையாகத் தருகிறார். அதனால் ஒவ்வொரு மாத்திரையையும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் விழுங்குகிறேன். விசுவாசம் என்ற பெயரில் அதை நிறுத்தச் சொல்கிறவர்களின் பேச்சை நான் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

நான் குணம் கேட்டேன். அவர் துணை தந்தார். பிரியமானவர்களே, உங்கள் நெருக்கத்தில் அவரைக் கூப்பிடுங்கள். வார்த்தை வராவிட்டால் ஒரே வார்த்தையில் கூப்பிடுங்கள். பதில் யாருடைய முகத்தில் வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.