சாட்சி வரும்வரை

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை இருபத்தாறு வருஷமாக வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருக்கா" என்பாள், ஏதோ அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள்வது மாதிரி. ஒரு வகையில் அதுவும் சரிதான். ஐந்து பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பொதுவான ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடியில், ஜன்னலே இல்லாத குளிர் அறையில் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அவை ஓடுகிறவரை அவளை ஒரு ஈ காக்கைகூட நினைக்காது. நின்றால் ஊரே நினைக்கும், அதுவும் நல்லவிதமாக அல்ல.

அந்த சர்வர்களில் ஒன்றில்தான் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் இருந்தது. அவள் தம்பியும் அதில் ஓர் எண். ஆறு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவனுடைய ரத்த வகை அபூர்வமானது, அந்த வரிசை நகர்வதே தெரியாது. போன மாதம்தான் முதல் இடத்துக்கு வந்திருந்தான். அதுவும் முன்னால் இருந்தவர் காத்திருந்தே கண்ணை மூடிவிட்டதால். "இந்த உடம்பு இன்னொரு வருஷம் தாங்காதும்மா" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தம்பியிடம் அதை அவள் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

சிறுநீரகம் ஒன்று கிடைத்தால் பட்டியலில் முதலில் இருப்பவரின் ஆஸ்பத்திரிக்குச் செய்தி போகும். ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஆஸ்பத்திரி கணினியில் 'சம்மதம்' என்று பதிய வேண்டும். பதியாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். போனில் சொன்னால் செல்லாது. போனில் சொன்னாலும் செல்லும் என்றிருந்த காலத்தில் யார் யாரோ யார் யாரையோ பிடித்து வரிசையைக் குட்டிச்சுவராக்கியிருந்தார்கள். அதனால் வந்த விதி.

தம்பியின் எண் பட்டியலில் ஏறிய அன்றே அவளாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். நிரந்தர ஊழியர் ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் நிற்காமல் அந்த சர்வரை நான் தொடமாட்டேன் என்று. யாரும் கேட்கவில்லை. தம்பிக்காக எதையோ நகர்த்திவிட்டாள் என்று நாளைக்கு ஒருத்தரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்ற பயம். அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் மெச்சினார்கள். கோப்பில் வைத்தார்கள். அவளும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டாள், அதை மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த எச்சரிக்கை வந்தது. வெளியிலிருந்து ஒரு கணினி சர்வரோடு பேச வந்தால், இருவர் பேச்சும் வேறு யார் காதிலும் விழாதபடி பூட்டுகிற மென்பொருள் ஒன்று நடுவில் இருக்கிறது. அதில் ஓட்டை. ஒருவன் வணக்கம் சொல்லிவிட்டு, பேச்சை ஆரம்பிக்காமல் திரும்பத் திரும்ப வணக்கமே சொல்லிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு வணக்கத்துக்கும் சர்வர் தன் நினைவில் ஓர் இடம் ஒதுக்கும். அதைத் திரும்ப எடுக்க மறந்துவிடும். கொஞ்ச நேரத்தில் இடமெல்லாம் நிறைந்து மூச்சுத் திணறி நின்றுவிடும். திருடுபோக ஒன்றுமில்லை. நிற்க வைப்பது மட்டும்தான் காரியம்.

ஓட்டையை அடைக்கும் பேட்ச் எச்சரிக்கையோடேயே வந்திருந்தது. பக்கத்து மேஜைக்காரரை, எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடுபவரை, சாட்சியாக நிற்க வைத்துப் பதினொரு மணிக்குள் அதை ஏற்றிவிட்டாள். சோதிக்கும் திரையில் பச்சை விழுந்தது. அவளுடைய மேலதிகாரி அந்தப் பச்சையைப் படம் பிடித்து, 'முழுப் பாதுகாப்பு' என்று தலைப்புப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். இவர் பெயர் அலுவலகத்தில் 'பார்க்கலாம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். வாழ்க்கையில் அவர் சட்டென்று செய்த காரியம் இது ஒன்றுதான். அதுவும் தப்பாகப் போயிற்று.

ஏனென்றால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. அவள் போய்ச் சொன்னாள்.

"சார், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் புது பேட்ச் வேலை செய்யும். அதுவரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கிறது பழசுதான்."

"பச்சை வந்தாச்சேம்மா?"

"புதுப் பூட்டை வாங்கி மேஜை மேல வச்சிருக்கோம் சார். அந்தப் பச்சை அதைத்தான் காட்டுது. கதவுல தொங்குறது இன்னும் பழைய பூட்டு."

"ரீஸ்டார்ட் பண்ணா எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நாப்பது செகண்ட்."

"அஞ்சு ஆஸ்பத்திரியும் நிக்குமே? அதுக்குக் கமிட்டி இருக்கு, நாலு கையெழுத்து இருக்கு. வியாழக்கிழமை வச்சுப் பார்க்கலாம். நான் வேற முழுப் பாதுகாப்புன்னு மேல அனுப்பிட்டேன். இப்பப் போய் இல்லைன்னா என் மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?"

இரண்டு நாள்தானே என்று அவளும் வந்துவிட்டாள். வந்திருக்கக் கூடாது. மேஜையைத் தட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கலாம். அதெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை.

புதன்கிழமை மீசை விடுப்பு. பார்க்கலாம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியம் மூன்று மணிக்கு மேல் அவள் திரையில் நினைவு அளவு ஏற ஆரம்பித்தது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு சதவீதம். எங்கோ ஒரு வேலையற்றவன் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான். மூன்று பத்துக்குப் பட்டியல் சர்வர் நின்றேவிட்டது.

மூன்று இருபதுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் போனில் வந்தாள்.

"மேடம், பேஜ் ஓப்பனே ஆகல. ஒரு சம்மதம் போடணும். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

யாருக்கு என்று நர்ஸ் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, விதி. இவளும் கேட்கவில்லை.

"போட்டுடலாம், இருங்க" என்றாள்.

பார்க்கலாமின் போனை ஒன்பது தடவை அடித்தாள், எடுக்கவில்லை. நான்காவது மாடியில் அப்போது அவளைத் தவிர இருந்தவர் கதவருகே நின்ற வாட்ச்மேன் ஒருவர்தான்.

அவர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், சாட்சிக்கு ஆள் இல்லையா? நான் வேணா பக்கத்துல நிக்கட்டுமா?" என்றார்.

"நீங்க காண்ட்ராக்ட்டுண்ணே. உங்க சாட்சி செல்லாது" என்றாள் அவள்.

அடுத்த கட்டடத்தில் இருந்த ஸ்டோர்கீப்பர்தான் பக்கத்தில் கிடைக்கக்கூடிய நிரந்தர ஊழியர். அவருக்குப் போன் செய்தாள். "ஸ்டோரைப் பூட்டாம எப்படிம்மா வர்றது? இதோ வந்துட்டேன்" என்றார். பூட்டி, பதிவேட்டில் நேரம் எழுதி, சாவியைக் கணக்கர் கையில் ஒப்படைத்து, முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறி அவர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று நாற்பத்தேழு. அதுவரை அவள் கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத்தினாள். நாற்பது விநாடிகூட ஆகவில்லை, எழுந்துவிட்டது.

எழுந்த சர்வர் முதல் வேலையாகக் காலாவதியானதைக் காட்டியது. இரண்டு நாற்பத்தைந்துக்கு அனுப்பிய செய்தி, ஒரு மணி நேரமாகச் சம்மதம் இல்லை, அடுத்தவருக்கு மாற்றப்பட்டது. கீழே அந்த எண். ஆறு வருஷமாக அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய எண்.

"ஆயிடுச்சாம்மா? நான் கிளம்பட்டுமா?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

நான்கு நிமிஷத்தில் இன்னொரு ஆஸ்பத்திரி சம்மதம் பதிந்தது. போன மாதம் இரண்டாம் இடத்துக்கு வந்தவருக்கு. அவர் வீட்டில் அந்நேரம் யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். அதைப் பிடுங்கிவிட முடியுமா என்று அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கூட்டம் முடிந்து வந்த பார்க்கலாமிடம் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? அவன் என் தம்பி என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாதபடி அவள் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதமே அவள் வாயைக் கட்டியிருந்தது.

"விதிப்படிதானம்மா நடந்திருக்கு. வேற ஏதும் செய்ய முடியுமான்னு பார்க்கலாம்" என்றார் அவர்.

மறுநாள் கமிட்டி கூடி, நான்கு கையெழுத்தோடு ரீஸ்டார்ட்டுக்கு அனுமதி கொடுத்தது.

கைநழுவிப் போனதை நோயாளியிடம் சொல்ல வேண்டியதில்லை என்பது ஆஸ்பத்திரி வழக்கம். நர்ஸும் அதையே சொன்னாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் அறையில் தம்பியின் கட்டிலருகே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, மூஞ்சி இப்படிச் செத்துக் கிடக்கு?" என்றான்.

அவளால் அடக்க முடியவில்லை.

"புதன்கிழமை உனக்கு வந்துச்சுடா."

"என்ன வந்துச்சு?"

"கிட்னி."

எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை, பூட்டு, நர்ஸ், வாட்ச்மேன், ஸ்டோர்கீப்பர். ஒன்றையும் விடவில்லை, தன் பக்கம் சப்பைக்கட்டும் கட்டவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?"

"கேளு."

"அந்த லிஸ்ட்ல நானே இல்லைன்னு வச்சுக்க. வேற எவனோ ஒருத்தனுக்கு வந்திருக்கு. அந்த நர்ஸ் போன் பண்ணின உடனே அந்தப் பொத்தானை அமுக்கியிருப்பியா?"

அந்தக் கடிதம் இருந்திருக்காது. சாட்சி தேவைப்பட்டிருக்காது. கமிட்டியாவது கத்தரிக்காயாவது என்று அமுக்கிவிட்டு, வருகிற மெமோவை வாங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"அமுக்கியிருப்பேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப உனக்குத் தம்பியாப் பொறந்ததுதான் நான் பண்ணின தப்பு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இயந்திரம் ஓடி முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பவில்லை.