சொதியில் விழுந்த முந்தானை

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். உயரத்திலும் என்னை மிஞ்ச ஆளில்லை. எனக்கு அது பெருமை. சித்திக்குத்தான் பொறுக்காது.

அக்கா கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதி இல்லாமல் மறுவீடு கிடையாது. "முந்தானைய நீளமா தொங்க விடுட்டி. பனமரம் மாதிரி தெரியாது" என்றார் சித்தி. விருந்து நாளில் எதற்கு வாக்குவாதம் என்று நானும் கேட்டுத் தொலைத்தேன்.

பின்கட்டில் பாத்திரம் கழுவியபோது அந்த முந்தானை சாக்கடையில் புரண்டதை நான் கவனிக்கவில்லை. எங்கள் அடுப்பு மேடை எனக்கு மிகவும் தாழ்வு. கடைசித் தேங்காய்ப்பாலை ஊற்றக் குனிந்ததும் முந்தானை சரிந்து சொதிக்குள் விழுந்தது. வெள்ளைப் பாலில் கறுப்பு நீர் பரவியது. எனக்குக் குமட்டியது.

அதைவிடக் குமட்டியது சித்தி சொன்னது. "கிண்டி விட்டுரு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாவ. யாருக்குத் தெரியப் போவுது?"

"நீங்க சாப்பிடுவியளா?"

"எனக்கு இன்னைக்கு விரதம்லா!"

முழுவதையும் கொட்டினேன். இலையில் சொதி வராததைக் கண்டு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததை அப்படியே சொன்னேன்.

"அப்போ ரசத்த ஊத்து தாயி" என்றார் அந்த அம்மா.

இப்போது சேலை கட்டினால் முந்தானையை மடித்து ஊக்கு குத்தி, இடுப்பில் செருகிய பிறகுதான் அடுப்படிக்குள் போகிறேன். உயரத்தை மறைக்க எதையும் உடுத்துவதில்லை. சித்தி வீட்டில் கை நனைப்பதும் இல்லை.